ஜெனரலின் ஆறு ஊர்கள்

ஒரு வெள்ளிக் கோப்பையை இரவல் கேட்டு வாங்கி வருவதற்காகத்தான் நான் வடசென்னைக்குப் போனேன். கோப்பை என்னுடையதல்ல, என் அப்பன் பாட்டனுடையதும் அல்ல. இங்கிலாந்தின் வடக்கே நான் முப்பது வருடம் பஸ் ஓட்டிய சிறிய ஊரில் பிறந்து, ஊர் ஊராகப் போய்ச் சண்டை பிடித்து, ஜெனரல் ஆகி, வயது போய்க் கட்டிலில் செத்த ஒரு வெள்ளைக்காரருடையது. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய குடும்பத்தார் இன்னமும் அங்கே இருக்கிறார்கள். என் பஸ்ஸில் ஏறி இறங்கும்போதெல்லாம் நன்றி சொன்னவர்கள்.

ஓய்வு பெற்றபின் நான் வீட்டில் இருந்தால் மனைவிக்கு இரத்த அழுத்தம் கூடுகிறது. ஆகவே சனிக்கிழமைகளில் ஊர் நூலகத்தின் மேல்மாடியில் இருக்கும் அருங்காட்சியகத்தில் போய் உட்காருவேன். சம்பளம் இல்லை, தேத்தண்ணீர் உண்டு. பெயர்தான் பெரிது, உள்ளே இரண்டே அறைகள். அதில் ஓர் அறை முழுக்க ஜெனரல்: அவருடைய சிவப்புச் சட்டை, வாள், காலில் குண்டு பட்டபிறகு போட்டுக்கொண்ட உயரக் குதிச் சப்பாத்து, வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். கோப்பை மட்டும் படமாக இருக்கிறது. சென்னையில் தன் பழைய பட்டாளத்துக்கு அவர் விட்டுவந்த கோப்பை அது. தொலைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அருங்காட்சியகத்தை நடத்தும் மார்கரெட் ஒருநாள் கைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். வியாசர்பாடியில், வியர்வையில் குளித்த பதினொரு இளைஞர்கள் அதே கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் அந்தப் பக்கத்து ஆள்தானே என்று கேட்டார். நான் யாழ்ப்பாணத்துக்காரன், நடுவில் கடல் இருக்கிறது. அதை அவருக்கு விளக்குவதைவிடப் போய்வருவது சுலபமாகத் தெரிந்தது.

முதல்நாள் ராயபுரத்தில் ஒரு விடுதியில் பையைப் போட்டேன். அறையின் ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கப்பால் துறைமுகத்தின் கிரேன்கள், அதற்கப்பால் கடல் இருக்கவேண்டும். மணத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மத்தியானம் மீன் குழம்பும் வஞ்சிரம் வறுவலும் சாப்பிட்டேன். எங்கள் இங்கிலாந்து ஊரில் மீன் என்றால் மாவுச் சட்டை போட்டு, முள்ளெடுத்து, முகம் தெரியாமல் வரும். இங்கே தலையோடு தட்டில் வந்து என்னை நேராகப் பார்த்தது. இரண்டு தட்டுச் சோறு உள்ளே போனபிறகுதான் நிமிர்ந்தேன்.

சாயங்காலம் வியாசர்பாடிக்கு ஆட்டோ பிடித்தேன். என் தமிழைக் கேட்ட ஓட்டுநர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கேரளாவா என்று விசாரித்தார். பாதி வழியில் வண்டி செருமி நின்றது. நானும் இறங்கித் தள்ளினேன். அறுபத்து நான்கு வயதில் ஒரு வாகனத்தைப் பின்னால் நின்று தள்ளுவது எனக்கு அது முதல் தடவை. பின்னால் வந்த மாநகரப் பேருந்து எங்களுக்கும் ஒரு கன்டெய்னர் லாரிக்கும் நடுவே, ஒரு சாண் இடைவெளியில், அலுங்காமல் போயிற்று. அந்த ஓட்டுநரைப் பார்த்து என்னையறியாமல் கையைத் தூக்கிவிட்டேன். எங்கள் கம்பெனியில் அப்படி ஓட்டினால் அன்றைக்கே சாவியை வாங்கிவிடுவார்கள், ஆனால் கலை கலைதான்.

தாஸ் என்னைத் தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டார். ஐம்பத்தேழு வயது, ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன், தோள் இரண்டும் பலகை மாதிரி. கால்பந்துப் போட்டியை வருடாவருடம் நடத்துபவர் அவர்தான். கோப்பை அவர் பொறுப்பில் இருக்கிறது. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடி. உள்ளே புத்தர் படத்துக்குக் கீழே குளிர்சாதனப் பெட்டி, அதன் தலையில் ஜெனரலின் கோப்பை. கோப்பைக்குள்ளே ஒரு சாவிக்கொத்தும் தலைவலித் தைலமும் கிடந்தன.

மார்கரெட் எனக்குக் கையுறைகள் கொடுத்துவிட்டிருந்தார். வெள்ளியை வெறுங்கையால் தொடக்கூடாதாம். நான் அவற்றைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தாஸின் மனைவி விஜயா கோப்பையை எடுத்துத் தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்து, விபூதி போட்டுத் தேய்த்து, புடவைத் தலைப்பால் துடைத்து என் மடியில் வைத்துவிட்டார். முகம் பார்க்கலாம் போலிருந்தது. கையுறைகளைப் பைக்குள்ளேயே விட்டேன்.

கோப்பையைச் சுற்றி ஒரு நாடா மாதிரி வேலைப்பாடு. அதில் ஆங்கிலத்தில் ஆறு ஊர்களின் பெயர்கள்: ரங்கூன், கான்டன், மக்தாலா, கும்மாசி, காபூல், மாண்டலே. தாஸ் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார்.

"ஆறு ஊரு சார். ஆறு ஊர்லயும் போயி ஆடி, ஆறுலயும் கெலிச்சுகீறாரு. ரங்கூன் மேட்ச்சுல கால் ஒடிஞ்சு போச்சாம், மனுஷன் வெளிய வரலியே. நொண்டிகினே ஆடுனாராம்."

கோப்பையைத் திருப்பிப் பார்த்தபடி விசாரித்ததில் கதை வெளியே வந்தது. பட்டாளத்திலிருந்து கோப்பை ரயில்வே பட்டறையின் கால்பந்துக் குழுவுக்குப் போய், அந்தக் குழு கலைந்தபிறகு இவர்களிடம் வந்திருக்கிறது. கூடவே வந்தது ஜெனரல் என்ற பெயரும் இந்த ஆறு ஊர்களும்தான். கோப்பையில் ஊர்ப்பெயர் பொறித்திருந்தால் அது ஆடி வென்ற ஊர்தானே? கால்பந்தைச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுகிற இடத்தில் வேறு என்ன நினைக்க முடியும்? ரங்கூனில் அவர் காலில் ஏதோ ஆனது உண்மை. ஓம் தம்பி, காலில் பிரச்சினை இருந்தது என்று மட்டும் சொன்னேன். தாஸ் மனைவியைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார். அந்த அரைப் பொய் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் அவர் விடுப்புப் போட்டுவிட்டு என்னை எண்ணூருக்கு அழைத்துப்போனார். போட்டியில் ஆறு அணிகள்: காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், வியாசர்பாடி. ஆனால் அந்த ஒரு வாரத்துக்கு அவற்றுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. சீட்டுக் குலுக்கிப் போட்டு, கோப்பையில் உள்ள ஆறு ஊர்ப் பெயர்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வருடம் எண்ணூருக்குக் காபூல் விழுந்திருந்தது. முதுகில் 'காபூல்' என்று அச்சடித்த சட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் நாங்கள் புறப்பட்டோம்.

டோல்கேட்டில் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஏறினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. என்னுடைய ஒரு கால் உள்ளே இருந்தது, மற்றது சட்டை மூட்டையின் மேல் இருந்தது. திருவொற்றியூரைத் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஒரு மணி நேரம் நகரவேயில்லை. லாரி ஓட்டுநர் ஒருவர் இறங்கி, வண்டியின் நிழலில் குந்தி, வெங்காயம் நறுக்கிக் குழம்பு வைக்க ஆரம்பித்துவிட்டார். குழம்பு கொதித்து, அவர் சாப்பிட்டு, பாத்திரம் கழுவும்போதுதான் வரிசை அசைந்தது. எங்கள் ஊரில் பஸ் நான்கு நிமிடம் பிந்தினால் கடிதம் எழுதுவார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் தாஸ் எனக்கு ஜெனரல் மேட்ச்சைப் பற்றிச் சொன்னார். இறுதியாட்டம் முடிந்ததும் வென்ற அணி வீட்டுக்குப் போக முடியாது. பழைய ஆட்டக்காரர்கள் பதினொரு பேர், எல்லோரும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள், 'ஜெனரல் டீம்' என்று இறங்குவார்கள். பதினைந்து நிமிட ஆட்டம். வென்ற அணி கோல் அடிக்கக்கூடாது. பந்தைக் கொண்டுபோய்க் கோல்கீப்பர் கையில் கொடுத்துவிட வேண்டும். கிழவர்கள் ஒரு கோல் போடுவார்கள், ஜெனரல் வென்றுவிடுவார். கோப்பையைத் தூக்குகிறவனுக்குத் தலைக்கனம் வரக்கூடாது, அதற்காகத்தான் இந்த வழக்கமாம். பதினொரு வருடமாக ஜெனரலுக்குக் கோல்கீப்பர் தாஸ்தான்.

"ஜென்ரல் தோத்ததே கெடையாது சார். நானும் ஒரு கோல் வுட்டதில்ல," என்றார். விட்டுக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்தும் அவர் குரலில் அவ்வளவு பெருமை.

கோப்பையை ஆறு மாதத்துக்கு இரவல் தருவதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஜெனரல் பிறந்த ஊரை அது ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டும் என்றார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, ஜெனரல் மேட்ச்சுக்கு முன்னால், நான் மைக்கைப் பிடித்து ஜெனரல் அந்த ஆறு ஊர்களிலும் எப்படி ஆடினார் என்று சொல்லவேண்டும். அவர் ஊரிலிருந்தே ஓர் ஆள் வந்து சொல்வது பெரிய விஷயம் இல்லையா? ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கக் கொடுத்தாகிவிட்டதாம்.

எண்ணூரில் காபூல் அணி கழிமுகத்துப் பக்கம் பயிற்சி செய்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், மறுபக்கம் சாம்பல் நிறத் தண்ணீர், நடுவில் வெறுங்காலோடு பாய்கிற பையன்கள். புதுச் சட்டையைப் போட்டதும் ஒருவரையொருவர் காபூல், காபூல் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். எங்களுக்கு நண்டு வறுவலும் இஞ்சித் தேத்தண்ணீரும் வந்தன. நண்டு நல்ல காரம். கண்ணில் நீர் வந்ததற்கு அதையே காரணமாக வைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் ஜெனரல் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை நான் படித்தவன். அவற்றை ஒழுங்கு பண்ணி, அருங்காட்சியகத்தின் விளக்க அட்டைகளில் ஏற்றியதும் நானே. கும்மாசியில் ஊரையே கொளுத்திவிட்டுத் திரும்பியதை அவர் தன் தங்கைக்கு மழை நிலவரத்தோடு சேர்த்து எழுதியிருக்கிறார். மக்தாலாக் கோட்டை எரிந்தபோது வெளிச்சம் அழகாக இருந்ததாம். காபூலில் தூக்குமரம் நட்டதை ஒரு வரியில் முடித்துவிட்டு, அடுத்த வரியில் கம்பளிச் சட்டை கேட்கிறார். மாண்டலே அரண்மனையிலிருந்து எடுத்துவந்த ஒரு வெற்றிலைப் பெட்டி எங்கள் அறையில் கண்ணாடிக்குள் இருக்கிறது. கெட்ட மனிதர் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நாய்க்குட்டிகளைப் பற்றி அவ்வளவு அன்பாக எழுதியிருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் கிராமத்தின் பெயரையும் ஒருகாலத்தில் வானொலியில், பிடிபட்ட ஊர்களின் வரிசையில் வாசித்தார்கள். அந்த நேரத்தில் நாங்கள் பாதி வெந்த சோற்றுப் பானையைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தோம். ஊர்களின் பட்டியல் என்றால் எனக்கு அந்தப் பானையின் சூடுதான் ஞாபகம் வரும். எந்த முகத்தோடு நான் மைக்கைப் பிடிப்பது?

சனிக்கிழமை தெருமுனையில் பேனர் ஏறிவிட்டது. நடுவில் என் கடவுச்சீட்டுப் படம். திருட்டுக்குற்றத்துக்குப் பிடிபட்டவன் போல முழித்துக்கொண்டிருந்தேன். கீழே 'ஜெனரல் ஊரின் தங்கம்' என்று போட்டிருந்தது. தெருவில் முன்பின் தெரியாதவர்கள் வணக்கம் சொன்னார்கள். ஒருவர் எனக்குப் பீஃப் பக்கோடா வாங்கித் தந்தார். அதை மட்டும் குற்ற உணர்ச்சியில்லாமல் சாப்பிட்டேன், அவ்வளவு நன்றாக இருந்தது.

அன்று மாலை தாஸோடு அத்தோக் கடைக்குப் போனேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தைச் சேர்ந்த அம்மா ஒருவர் நடத்துகிறார். நூடுல்ஸோடு முட்டைக்கோசு, வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார். இரண்டாவது வாயில் நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"தாஸ், அந்த ஆறும் மேட்ச் இல்லை. சண்டை. பட்டாளத்தோட போய்ப் பிடிச்ச ஊருகள்."

அவர் கை தட்டிலேயே நின்றது. "எல்லாமா?"

"ஆறும்தான். அவர் பந்து விளையாடினதா எங்கேயும் எழுதியில்லை."

ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மாண்டலேயைக் கேட்டதும் கடைக்கார அம்மா திரும்பினார். ராஜாவைப் பிடித்துக்கொண்டு போன சண்டையா என்று கேட்டார். அவர்கள் வீட்டில் அந்தக் கதை இன்னும் சொல்கிறார்களாம். நான் ஓமென்று தலையாட்டினேன். கும்மாசி, மக்தாலா பற்றியும் தெரிந்ததைச் சொன்னேன். தாஸ் தட்டில் பாதியை வைத்துவிட்டுக் கைகழுவி, என்னைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டார். பதினொரு வருடம் ஒரு மனிதன் காவல் நின்ற கோலை நான் பிடுங்கிவிட்டேன் என்று தோன்றியது. இதைச் சொல்லாமலே போயிருக்கலாமே என்றும் நினைத்தேன், சொல்லாமல் இருந்திருந்தால் இதைவிட மோசமாக இருந்திருக்கும் என்றும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் என்னிடம் பேசவில்லை. ஆனால் முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, ஆள்விட்டு ரோஸ் மில்க் கொடுத்தனுப்பினார். மைதானத்தைச் சுற்றிலும் குடியிருப்பின் பால்கனிகள் நிறைந்து வழிந்தன. இறுதியாட்டத்தில் எண்ணூரின் காபூலும் தண்டையார்பேட்டையின் மாண்டலேயும் மோதின. கோல் இல்லாமல் முடிந்து, பெனால்டியில் மாண்டலே வென்றது. அதன் தலைவன் அஸ்லம், இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவன், கோப்பையை ஒருதடவை தூக்கிக் காட்டிவிட்டு மரியாதையாகக் கீழே வைத்தான். அடுத்தது ஜெனரல் மேட்ச். ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நான் எழுந்துவிட்டேன். அதற்குள் தாஸ், கோல்கீப்பர் கையுறையோடு வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இத்தினி வருசமா ஜென்ரலு ஆறு ஊர்ல ஆடிக் கெலிச்சாருன்னு நாந்தான் உங்களுக்குச் சொல்லிகினு இருந்தேன். அது தப்பு. பட்டாளத்த இட்டுகினு போயி, ஊர அடிச்சு, வூட்டக் கொளுத்திட்டு வந்துகீறாரு. அண்ணாத்த நேத்து சொன்னாரு, எனக்குத் தூக்கமே வர்ல."

அவர் மாண்டலே அணியைப் பார்த்துத் திரும்பினார்.

"அஸ்லமு, இன்னிக்கு யாரும் வுட்டுக் குடுக்கக் கூடாது. முடிஞ்சா கோல் போடுங்க. நான் கோல்லதான் நிப்பேன். நானும் வுட மாட்டேன்."

மைக்கை என் கையில் திணித்துவிட்டுப் போனார். நான் அதை அறிவிப்பாளரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

முதல் சில நிமிடங்கள் அஸ்லமின் பையன்களுக்குக் கால் வரவில்லை. பெரியவர்களோடு மோதிப் பழக்கமில்லை. கிழவர்கள்தான் வெறியோடு ஆடினார்கள். ஒருவருக்கு வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்த மாதிரி கால்சட்டை தொளதொளத்தது, ஆனால் பந்தை விடவில்லை. தாஸ் இரண்டு தடவை பாய்ந்து பிடித்தார், நிஜமான பாய்ச்சல். மூன்றாவதை அஸ்லம் இடது மூலைக்கு அடித்தான். தாஸ் விழுந்தார், விரல் நுனியில் பட்டுப் பந்து உள்ளே போயிற்று.

ஜெனரலுக்கு விழுந்த முதல் கோல் அது. தாஸ் மண்ணோடு எழுந்து, பந்தைப் பொறுக்கி, அஸ்லமிடம் உருட்டிவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அதற்குப்பிறகு எழுந்த சத்தத்தில் என் ரோஸ் மில்க் கொட்டிவிட்டது. பக்கத்தில் இருந்த விஜயா என் தோளில் ஓங்கி அடித்துச் சிரித்தார். நானும் வயதை மறந்து நாற்காலியின் மேல் ஏறி நின்றேன்.

இரண்டுக்குச் சைபர் என்று முடிந்தது. முடிந்ததும் காபூலின் தலைவன் மைதானத்துக்குள் வந்து, தங்களுக்கும் ஓர் அடி வேண்டும் என்று நின்றான். மாண்டலேக்கு மட்டும் என்ன தனி உரிமை? அதைக் கேட்டு மற்ற ஊர்க்காரர்களும் இறங்கிவிட்டார்கள். நடுவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு பெனால்டி என்று முடிவாயிற்று. காபூல் அடித்ததைத் தாஸ் நெஞ்சால் தடுத்துவிட்டார், அதில் அவருக்கே வருத்தம். கும்மாசி வலையைக் கிழிக்கிற மாதிரி அடித்தான். ரங்கூன் கம்பத்தில் மோதி உள்ளே போயிற்று. மக்தாலா அடித்தது முதல் மாடிப் பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த போர்வையில் போய் விழுந்தது. கான்டன் அணியில் எல்லோரும் நான் நீ என்று சண்டை பிடித்ததில் வெளிச்சம் போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் வெறுங்கையோடுதான் ஊர் திரும்பப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு விடைபெறப் போனேன். இனி அந்தக் கோப்பையை அவர்கள் எனக்குக் கொடுத்து என்ன, கூவத்தில் எறிந்து என்ன? ஆனால் விஜயா அதைத் தேய்த்து, ஒரு மாண்டலே சட்டைக்குள் சுற்றி வைத்திருந்தார். மேசையில் ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும். தாஸுக்கு வலது தோள் தூக்க முடியவில்லை, தைலம் மணத்தது. முகம் மட்டும் குளித்து எழுந்த மாதிரி இருந்தது.

மார்கரெட் தந்த இரவல் படிவத்தை எடுத்து வைத்தேன். பொருளின் பெயர், நிலை, திருப்பித் தரவேண்டிய நாள் எல்லாம் நிரப்பிக்கொண்டு வந்தோம். கடைசிக் கட்டத்தில், குறித்த நாளில் திரும்பத் தேவைப்படும் காரணம் என்று இருந்தது. என்ன எழுதுவது என்று தாஸிடம் கேட்டேன். அவர் இடியாப்பத்தைப் பாயாவில் முக்கியபடி, நிமிராமலே சொன்னார்.

"இன்னா அண்ணாத்த, தெரியாத மாதிரி கேக்கறீங்க? அடுத்த வருசமும் அவனத் தோக்கடிக்கணும்ல. அதான்னு எழுதுங்க."

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார்.